கடலில் சேரும் நீர் வீணா? – கொள்ளிடக் கரையும் அலையாத்திக் காடும்

திருச்சிராப்பள்ளியிலிருந்து சென்னைச் சாலையில் வடக்கு நோக்கிச் செல்வோர் இரண்டு நீண்ட பாலங்களைக் கடக்கின்றனர். முதலாவது காவிரியின் மீது. இரண்டாவது கொள்ளிடத்தின் மீது. இரண்டிற்கும் இடையில் கிடக்கும் தீவே திருவரங்கம். கொள்ளிடத்தைத் தாண்டிச் சிறிது தொலைவு சென்றால் சமயபுரம் வருகிறது. மாரியம்மன் கோயிலால் இன்று நாடறிந்த இவ்வூர், இடைக்காலத்தில் கண்ணனூர் என்று வழங்கிய போசளத் தலைநகரின் பகுதியாகும். கண்ணனூர்க் கொப்பம் என்ற அதன் கோட்டையை முன்னிட்டு, 14ஆம் நூற்றாண்டின் நாற்பதுகளில், போசள மன்னர் மூன்றாம் வல்லாளருக்கும் மதுரை சுல்தான் கியாஸுத்தீன் தாமகானிக்கும் பெரும்போர் நிகழ்ந்தது. அப்போரைப் பற்றி நமக்கு விரிவாக எழுதி வைத்திருப்பவர் மொராக்கோ நாட்டுப் பயணி இப்னு பதூதா. இலங்கையிலிருந்து மஅபர் கரையை நோக்கி வந்த அவருடைய கப்பல் புயலில் சிக்கித் தரைதட்டியதையும், கரையோர மக்கள் படகில் வந்து மீட்டதையும் அவரே குறிப்பிடுகிறார்.

அப்போரின் வரலாற்றை மீண்டும் எழுதுவது நம் நோக்கமன்று. கண்ணனூர்க் கோட்டையையும் இப்னு பதூதா கரையேறிய சோழமண்டலக் கடற்கரையையும் ஒருசேர நினைக்கும்போது, அவ்விரண்டையும் இணைக்கும் ஆறு நம் கவனத்துக்கு வருகிறது. சமயபுரத்தில் நிற்கும் ஒருவருக்குக் கடல் வெகு தொலைவில் உள்ளது. ஆயினும் அவ்வூருக்கு மேற்கே முக்கொம்பில் எந்த மதகு எவ்வளவு திறக்கப்படுகிறது என்பதைப் பொறுத்தே, கடலோரத்தில் உள்ள இரண்டு காடுகளின் வாழ்வும் தாழ்வும் அமைந்து வந்திருக்கின்றன. பிச்சாவரம் ஒன்று; முத்துப்பேட்டை மற்றொன்று. அலையாத்திக் காடுகள் எனப்படும் இவ்விரண்டின் வரலாற்றையும், அவ்வரலாறு நமக்கு விட்டுச் செல்லும் ஒரு கேள்வியையும் இக்கட்டுரையில் ஆராய முற்படுகிறோம்.

நதி பிரியும் இடம்

திருச்சிக்கு மேற்கே முக்கொம்பில் காவிரி இரண்டாகப் பிரிகிறது. வடகிளை கொள்ளிடம். அது திருவரங்கத்துக்கும் சமயபுரத்துக்கும் இடையே ஓடி, அணைக்கரையைக் கடந்து, சிதம்பரத்துக்குத் தெற்கே சென்று கடலில் கலக்கிறது. அதன் முகத்துவாரத்துக்கும், வடக்கே பரங்கிப்பேட்டையில் கடலடையும் வெள்ளாற்றின் முகத்துவாரத்துக்கும் இடையில் சின்னஞ்சிறு தீவுகளாகச் சிதறிக் கிடப்பதே பிச்சாவரம் காடு.

தென்கிளையாகிய காவிரி, கல்லணையில் மீண்டும் பிரிகிறது. அங்கே பிறக்கும் வெண்ணாறு, நீடாமங்கலத்துக்கு அருகே மூணாறு தலைப்பில் கோரையாறு, பாமணியாறு என்று மேலும் கிளைக்கிறது. இக்கிளைகள் டெல்டாவின் தென்கோடியில் முத்துப்பேட்டைக் கடற்கழியில் கலக்கின்றன. அக்கழியைச் சூழ்ந்து நிற்பது முத்துப்பேட்டை அலையாத்திக் காடு. கழியும் சேற்றுவெளியும் சேர்ந்து ஏறத்தாழ 12,000 ஹெக்டேர் பரப்புடைய இச்சதுப்பு நிலம், தமிழகத்தின் மிகப் பெரிய அலையாத்திப் பகுதியாகும்.

இவ்விரு காடுகளின் விளிம்பில் உள்ள ஊர்கள் நம் வாசகர்களுக்குப் புதியவை அல்ல. மஹ்மூது பந்தர் என்று பழைய ஆவணங்களில் வழங்கும் பரங்கிப்பேட்டை, மரக்காயர்களின் கப்பல் வணிகத்தால் புகழ்பெற்ற துறைமுகம். முத்துப்பேட்டையும் அதிராம்பட்டினமும் கடைமடையின் பழம்பெரும் முஸ்லிம் ஊர்கள். முத்துப்பேட்டைக் காட்டுக்குச் செல்லும் படகுகள் புறப்படும் ஜாம்புவானோடையில்தான் ஹக்கீம் ஷெய்கு தாவூது காமில் வலியுல்லாஹ் அவர்களின் தர்காவும் அமைந்துள்ளது. ஆகவே இது எங்கோ உள்ள காட்டின் கதையன்று. நம் ஊர்களின் கொல்லைப்புறக் கதையே.

இரண்டு பெயர்கள்

முத்துப்பேட்டைக் காட்டில் பத்து மரங்களில் ஒன்பதுக்கும் மேல் ஒரே இனத்தைச் சேர்ந்தவை. வெண்கண்டல் என்று தமிழில் வழங்கும் அம்மரத்தின் அறிவியற் பெயர் அவிசென்னியா மரீனா. ‘அவிசென்னா’ என்பது ஐரோப்பியர் நாவில் திரிந்த இப்னு சீனாவின் பெயர். தாவரங்களுக்கு இருசொற் பெயரிடும் முறையை நிலைநாட்டிய சுவீடன் அறிஞர் லின்னேயஸ், 1753இல் வெளியிட்ட நூலில், அல்கானூன் ஃபித்திப் என்னும் மருத்துவப் பெருநூலை இயற்றிய இப்னு சீனாவின் (980–1037) நினைவாக இம்மரப் பேரினத்துக்கு அப்பெயரைச் சூட்டினார். ஒரு ஹக்கீமின் அடக்கத்தலம் அமைந்த கரையில், மற்றொரு ஹக்கீமின் பெயர் தாங்கிய மரங்கள் நிற்பது தற்செயலே என்றாலும் நினைக்க இனியது.

மற்றொரு பெயர் நம் மொழிக்கு இன்னும் நெருக்கமானது. கண்டேலியா என்பது அலையாத்தி மரங்களின் பிறிதொரு பேரினம். ஆம்ஸ்டர்டாமில் 1678 முதல் 1693 வரை 12 தொகுதிகளாக வெளிவந்த ‘ஹோர்ட்டுஸ் மலபாரிக்குஸ்’ நூலில், மலையாளக் கரை மக்களின் வாய்மொழியாகப் பதிவான ‘கண்டல்’ என்ற சொல்லே அதன் மூலம். சங்க இலக்கியத்தின் நெய்தல் திணைப் பாடல்களில் புன்னை, தாழை, ஞாழல் ஆகியவற்றோடு சேர்ந்து வரும் அதே கண்டல். சிதம்பரத்தின் பழம்பெயராகிய தில்லையும் ஓர் அலையாத்தி மரத்தின் பெயர்தான். பட்டாலோ ஒடித்தாலோ கண்ணையும் தோலையும் எரிக்கும் பாலை வடிக்கும் அம்மரத்தை இன்றும் பிச்சாவரத்தில் காணலாம். ஊர் நகரமாகி மரத்தை இழந்தது. பெயர் மட்டும் அதை நினைவில் வைத்திருக்கிறது.

அரபு நாடுகளிலும் இம்மரம் அறியப்படாததன்று. அங்கே அதன் பெயர் ‘குர்ம்’. மஸ்கத் நகரின் குர்ம் பகுதி அப்பெயரைத் தாங்கி நிற்பதை, அங்கு பணியாற்றிய நம்மவர் பலர் அறிவர். பாரசீக வளைகுடாவின் சீராஃப் துறைமுகத்து வீடுகள் தேக்காலும் ஸன்ஜ் நாட்டு மரத்தாலும் கட்டப்பட்டவை என்று 10ஆம் நூற்றாண்டுப் புவியியலாளர் இஸ்தக்ரீ எழுதுகிறார். கிழக்காப்பிரிக்கக் கரையிலிருந்து பாய்க்கப்பல்களில் வந்த அலையாத்திக் கழிகளையே அது குறிக்கிறது என்பர் வரலாற்றாசிரியர். எண்ணெய் வளம் வரும்வரை வளைகுடாவின் பல வீடுகளுக்குக் கூரை தாங்கியவை அக்கழிகளே.

உப்பில் வாழும் மரம்

அலையாத்திக் காடு வாழும் முறையை ஓரளவேனும் அறிந்தால்தான் அதன் வரலாறு விளங்கும். கழிமுகச் சேற்றில் காற்று புகாது. ஆகவே வெண்கண்டல் தன் வேர்களிலிருந்து பென்சில் முனைகள் போன்ற மூச்சுவேர்களைச் சேற்றுக்கு மேலே நீட்டுகிறது. உறிஞ்சிய உப்பை இலைகளின் வழியே வெளியேற்றுகிறது. வெயில் ஏறிய பொழுதில் அவ்விலையைத் தடவினால் உப்புத்துகள் விரலில் ஒட்டும். சுரபுன்னையின் வழி வேறு. அது வேரிலேயே உப்பின் பெரும்பகுதியைத் தடுத்துவிடுகிறது; வில்போல் வளைந்த ஊன்றுவேர்களால் அலையைத் தாங்கி நிற்கிறது; விதை மரத்திலேயே முளைத்து, நீண்ட முளைக்குச்சியாகத் தொங்கி, பின் சேற்றில் விழுகிறது.

உப்பைத் தாங்கும் மரம் என்பதால் உப்பை விரும்பும் மரம் என்று கொள்வது தவறு. கடல்நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு உண்டு. நன்னீர் கலந்து அந்த அளவு குறையும் இடங்களிலேயே இம்மரங்கள் செழிக்கின்றன. நம் கிழக்குக் கரையில் வெண்கண்டலின் காய்கள் முதிர்ந்து உதிர்வது வடகிழக்குப் பருவமழையை ஒட்டிய மாதங்களில். ஆற்றில் புதுவெள்ளம் வந்து சேற்றின் உவர்ப்பு தணியும் அக்காலமே முளை வேரூன்றும் காலம். சுந்தரவனத்தில் ஓதம் பல மீட்டர் ஏறி இறங்குகிறது. தமிழகக் கரையில் அது ஒரு மீட்டருக்கும் குறைவு. கடல் தானாக வந்து காட்டைக் கழுவிச் செல்லும் வலிமை இங்கு குறைவாதலின், ஆற்றுநீரின் பங்கு இங்கே இன்றியமையாததாகிறது.

காட்டினால் விளையும் பயன் பலவகை. உதிர்ந்த இலை மட்கி இறாலுக்கும் நண்டுக்கும் உணவாகிறது. கடலில் பிடிபடும் பல மீன்களும் இறால்களும் இளமையில் வளர்வது இவ்வேர்களின் நிழலில்தான். பிச்சாவரத்தை ஒட்டி வாழும் இருளர்கள் இடுப்பளவு நீரில் நின்று கையாலேயே இறால் தடவிப் பிடிக்கின்றனர். முத்துப்பேட்டை மீனவர்கள் காட்டுக்குள் கால்வாய் வெட்டி மீன்பிடிக்கும் மரபினர். காற்றற்ற சேறு மட்குப்பொருளை எளிதில் அழியவிடாது. ஆதலால் நெடுங்காலமாகச் சேர்ந்த கரியமிலச் செல்வம் அதனுள் அடைபட்டிருக்கிறது. காட்டை அழித்தால் அதுவும் வானில் கலந்துவிடும்.

சத்திரமும் வெட்டுக்கூறும்

முத்துப்பேட்டைக் காட்டின் எழுதப்பட்ட வரலாறு ஓர் அறக்கொடையுடன் தொடங்குகிறது. தஞ்சை மராட்டிய மன்னர்கள் இராமேசுவரப் பெருவழியில் பயணிகளுக்கு உணவும் தங்குமிடமும் அளிக்கச் சத்திரங்களை நிறுவினர். 19ஆம் நூற்றாண்டில் இக்காடு சத்திர நிர்வாகத்தின் பொறுப்பில் இருந்தது; காட்டுப் பொருள்களை விற்று வந்த வருவாய் சத்திரச் செலவுக்குப் பயன்பட்டது. நம் வழக்கில் சொன்னால் அது வக்ஃபு போன்றதொரு ஏற்பாடு. அறத்துக்குரிய முதலை அழித்துவிடாமல் அதன் பலனை மட்டும் நுகர்வதே அத்தகைய ஏற்பாட்டின் இலக்கணம்.

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காடு அரசின் வனத்துறைக்கு மாறியது. ஆங்கிலேயர் வகுத்த வேலைத்திட்டப்படி, பிச்சாவரமும் முத்துப்பேட்டையும் கூறுகளாகப் பிரிக்கப்பட்டன. ஆண்டுக்கு ஒரு கூறு என்று முற்றாக வெட்டி விறகாக விற்பது. வெட்டிய இடம் தானே மீண்டும் தழைத்துவிடும் என்று எதிர்பார்ப்பது. கடைசிக் கூறு முடியும்போது முதற்கூறு மீண்டும் வெட்டுக்குத் தயாராக இருக்கும் என்று கணக்கிடுவது. மலைக்காட்டுக்கு வகுத்த இம்முறை கழிமுகத்துக்கும் பொருந்தும் என்று நம்பினர். விடுதலைக்குப் பின்னரும், 1970களின் தொடக்கம் வரை, இம்முறை நீடித்தது.

வெட்டப்பட்ட கூறுகள் தழைக்கவில்லை. பல்லாண்டுகள் அவை மொட்டையான உவர்வெளிகளாகக் கிடந்தன. குற்றம் சுற்றுப்புற மக்கள்மீது சுமத்தப்பட்டது. விறகுக்கு வெட்டினார்கள், மாடுகளை மேயவிட்டார்கள் என்று சொல்லப்பட்டது. அவற்றில் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் முதற்காரணம் அதுவன்று என்பதைக் கண்டறியப் பல பத்தாண்டுகள் தேவைப்பட்டன.

ஆற்றுக்கு நேர்ந்தது

காடு வெட்டப்பட்ட அதே காலத்தில் ஆறும் மாறிக்கொண்டிருந்தது. கொள்ளிடம் காவிரியைவிடத் தாழ்வான, நேரான பாதை. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காவிரியின் தலைப்பில் மணல் மேவி, நீர் மேன்மேலும் கொள்ளிடத்தில் ஓடலாயிற்று; தஞ்சைப் பாசனம் தவித்தது. இதைத் தடுக்கவே ஆர்தர் காட்டன் 1836–38இல் முக்கொம்பில் மேலணையைக் கட்டினார். அதே காலத்தில் அணைக்கரையில் கீழணையும் எழுந்தது. 1934இல் மேட்டூர் அணை நிறைவுற்றது. தஞ்சையின் வயல்கள் இவற்றால் பெற்ற நன்மையை எவரும் மறுக்க இயலாது. நம் முன்னோர் உண்ட சோறு இந்த அணைகள் காத்த சோறு.

ஆயினும் இந்த நன்மைக்கு ஒரு விலை இருந்தது. அது எவருடைய கணக்கேட்டிலும் எழுதப்படவில்லை. கொள்ளிடம் ஆண்டின் பெரும்பகுதி நீரோடும் ஆறாக இருந்த நிலை மாறி, வெள்ளத்தை வடிக்கும் வாய்க்காலாயிற்று. மேலே கர்நாடகத்தில் அணைகள் பெருகப் பெருக, கடைமடைக்கு வரும் நீர் மேலும் சுருங்கியது. கொள்ளிடத்தில் மணல் அள்ளப்பட்டு ஆற்றுப்படுகை தாழ்ந்ததும், முகத்துவாரத்திலிருந்து உப்புநீர் உள்ளேறத் தொடங்கியது.

இதன் தடயத்தைக் காட்டில் உள்ள மரங்களிலேயே படிக்கலாம். நன்னீர் விரும்பும் இனங்கள் ஒவ்வொன்றாக அருகின. தமிழ்ச்சொல்லுக்கு உறவான பெயருடைய கண்டேலியா பிச்சாவரத்திலிருந்து மறைந்துபோன இனங்களுள் ஒன்றாகச் சொல்லப்படுகிறது. உவர்ப்பை மிகுதியாகத் தாங்கும் வெண்கண்டல் மட்டும் பெருகியது. இப்னு சீனாவின் பெயர் கொண்ட மரம் எங்கும் நிற்பதைக் கண்டு மகிழ்ந்த நாம், இங்கே சற்றுத் தயங்க வேண்டியிருக்கிறது. அது தனித்து நிற்பது செழிப்பின் அடையாளமன்று. நன்னீர் வராமற்போனதற்கு அது சாட்சி.

இது நம் ஊருக்கு மட்டும் நேர்ந்ததன்று. சிந்து நதியில் 1955இல் கோத்ரி தடுப்பணை கட்டப்பட்ட பின், அதற்குக் கீழே வெள்ளக்காலம் தவிர நீர் அரிதாயிற்று. சிந்து டெல்டாவின் காடு சுருங்கியது. பல இனங்கள் இருந்த இடத்தில் இன்று பெரும்பாலும் எஞ்சியிருப்பது அதே வெண்கண்டல். கடல் உள்ளேறி, கேட்டி பந்தர் பகுதியில் விளைநிலங்கள் உவர்நிலமாயின. கங்கையில் 1975இல் ஃபரக்கா அணை செயல்படத் தொடங்கிய பின், வங்கதேசத்துச் சுந்தரவனத்தில் கோடைக்கால உவர்ப்பு உயர்ந்தது. அக்காட்டுக்குப் பெயர் தந்த சுந்தரி மரம் நுனியிலிருந்து பட்டுப்போகும் நோய்க்கு உள்ளாகி வருகிறது. மூன்று நதிகள், மூன்று நாடுகள், விளைவு ஒன்றே.

பள்ளங்களைத் திறந்தவர்கள்

1990களில் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிவியலாளர்கள் பிச்சாவரத்தின் மொட்டைக் கூறுகளை அளந்து பார்த்தபோது உண்மை வெளிப்பட்டது. மரங்களை முற்றாக வெட்டியதும் சேறு வெயிலில் காய்ந்து சுருங்கியது. கூறின் நடுப்பகுதி தாழ்ந்து தாம்பாளம்போல் குழிந்தது. ஓதத்தின்போது உள்ளே வந்த கடல்நீர் வெளியேற வழியின்றித் தேங்கியது. கோடையில் அது ஆவியாகி, கடலைக் காட்டிலும் பன்மடங்கு உப்பை விட்டுச் சென்றது. அந்த உவரில் எந்த விதையும் முளைக்கவில்லை. வெட்டும் முறையே காட்டைக் கொன்றது. மக்கள் பெற்றது பழி மட்டுமே.

நோயின் காரணம் தெரிந்ததும் மருந்து எளிதாயிற்று. பள்ளத்துக்கும் அருகிலுள்ள ஓடைக்கும் இடையே ஒரு கால்வாய். அதிலிருந்து இருபுறமும் மீன்முள் போலக் கிளைக் கால்வாய்கள். ஓதநீர் வந்து வந்து திரும்ப, தேங்கிய உப்பு கரைந்து வெளியேறியது. கால்வாய்க் கரைகளில் கன்றுகள் நடப்பட்டன. தமிழக வனத்துறையும் ஊர்மக்களும் இணைந்த கூட்டு மேலாண்மை முறை, கனடா நாட்டு நிதியுதவியுடன், 1996 முதல் 2003 வரை தமிழகம், ஆந்திரம், ஒடிசா ஆகிய மாநிலங்களில் செயல்பட்டு, ஏறத்தாழ 1,500 ஹெக்டேர் சீரழிந்த நிலத்தை மீட்டது. குற்றவாளிகளாகக் கருதப்பட்ட ஊர்மக்களே கால்வாயை வெட்டினர், காட்டையும் காத்தனர்.

அதே காலத்தில் மற்றோர் ஆபத்தும் வந்தது. 1990களில் டெல்டாக் கரையெங்கும் இறால் பண்ணைகள் பெருகின. வயலும் குடிநீரும் உவர்ப்பதைக் கண்டு போராடிய சர்வோதயத் தலைவர் எஸ். ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில், உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பர் 11 அன்று, கடற்கரை ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் மரபுசார்ந்தவை தவிர்த்த இறால் பண்ணைகளை அகற்ற ஆணையிட்டது. பின்னர் 2005இல் இயற்றப்பட்ட கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டம் நிலைமையை மாற்றி, பண்ணைகளைப் பதிவுக்கும் ஒழுங்குக்கும் உட்படுத்தியது. தீர்ப்பால் மட்டும் காடு காக்கப்படுவதில்லை என்பதற்கு இது ஒரு பாடம்.

ஆழிப்பேரலையும் கஜாவும்

2004 டிசம்பர் 26 அன்று எழுந்த ஆழிப்பேரலை நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுசென்றது. பிச்சாவரம் காட்டுக்குப் பின்னிருந்த சில குப்பங்கள் பெரிதும் தப்பின. பரங்கிப்பேட்டையில் உள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் உயிரியல் மையத்தைச் சேர்ந்த கதிரேசனும் இராஜேந்திரனும் 18 குப்பங்களை ஆராய்ந்து, கரையோரத் தாவரம் உயிரிழப்பைக் குறைத்தது என்று 2005இல் எழுதினர். கடலூர்க் கரையை ஆராய்ந்த ஒரு பன்னாட்டுக் குழுவும் அவ்வாண்டே அதே முடிவுக்கு வந்தது. எனினும் அடுத்த ஆண்டே வேறு அறிஞர்கள் மறுப்பு எழுப்பினர். தப்பிய ஊர்கள் கடலிலிருந்து தொலைவிலும் மேட்டிலும் இருந்தன. காப்பாற்றியது மரமா மேடா என்று பிரித்தறிய வேண்டாமா என்று கேட்டனர். அக்கேள்வி நியாயமானது. காட்டின் மீதுள்ள அன்பினால் அதை நாம் மறைத்தல் தகாது. காடு அலையின் வேகத்தைக் குறைக்கும். ஊர் எங்கே அமைய வேண்டும் என்ற விவேகத்துக்கு அது மாற்றாகாது.

2018ஆம் ஆண்டு இந்த வரலாற்றின் எல்லா இழைகளையும் ஒரே ஆண்டில் முடிந்து காட்டியது. அவ்வாண்டு ஆகஸ்டில் காவிரியில் பெருவெள்ளம் வந்தது. ஆகஸ்ட் 22 இரவு, முக்கொம்பு மேலணையின் கொள்ளிடப் பக்க மதகுகள் ஒன்பது உடைந்து விழுந்தன. கொள்ளிடம் கரைபுரண்டு ஓடியது. இத்தனை டி.எம்.சி. நீர் கடலில் வீணாகக் கலந்தது என்ற பேச்சே எங்கும் கேட்டது. மூன்று மாதங்கள் கழிவதற்குள், நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் கரையைத் தாக்கியது. முத்துப்பேட்டைக் காட்டின் பெரும்பகுதி இலையிழந்து, கிளை முறிந்து, வெளுத்து நின்றது. பின்னிருந்த ஊர்களுக்கும் தோப்புகளுக்கும் முன்னால் நின்று முதல் அடியை வாங்கியது அதுதான். உவர்ப்பால் ஏற்கெனவே மெலிந்த காடு, ஓரினமே நிறைந்த காடு, அடிபட்டபின் எழுவதற்குப் படும் பாடு அதிகம்.

கணக்கில் உள்ள நீர்

கடலில் சேரும் நீர் வீண்தானா? நம் பொதுப்பேச்சில் இதற்கு ஐயமே இருப்பதில்லை. ஆனால் சட்டத்தின் பார்வை வேறாக உள்ளது. காவிரி நடுவர் மன்றம் 2007 பிப்ரவரி 5 அன்று வழங்கிய இறுதித் தீர்ப்பில், கீழணை வரையில் ஓராண்டில் கிடைக்கும் நீரை 740 டி.எம்.சி. என்று கணக்கிட்டது. ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி. மாநிலங்களுக்குப் பங்கிட்டது போக, சுற்றுச்சூழல் காப்புக்கு 10 டி.எம்.சி.யும், தவிர்க்க இயலாதபடி கடலுக்குச் செல்வதற்கு 4 டி.எம்.சி.யும் ஒதுக்கியது. உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரி 16 அன்று மாநிலப் பங்குகளை மாற்றியபோதும் இந்த 14 டி.எம்.சி.யைத் தொடவில்லை. நூறு குடம் நீரில் இரண்டு குடம்கூட இல்லாத இச்சிறு பங்கு, கடலோரக் காட்டுக்கும் கழிக்கும் உயிருண்டு என்று ஒரு நதிநீர்த் தீர்ப்பு ஒப்புக்கொண்டதன் அடையாளம்.

ஒப்புக்கொண்டதோடு காரியம் முடிந்துவிடுவதில்லை. ஆகஸ்டில் ஒரே வாரத்தில் பெருக்கெடுத்துக் கடலில் விழும் வெள்ளம் காட்டுக்குச் சிறிதளவே உதவும். காட்டுக்கு வேண்டியது காய் உதிர்ந்து முளை ஊன்றும் மாதங்களிலும், கோடையில் உவர்ப்பு ஏறும் மாதங்களிலும் மெல்ல ஓடிவரும் சிறிய ஒழுக்கு. கடைமடை வாய்க்கால்கள் தூர்வாரப்பட்டிருந்தால்தான் அது வந்துசேரும். அது வந்தால் காட்டுக்கு மட்டும் நன்மையன்று. உப்புநீரைக் காட்டிலிருந்து பின்தள்ளும் அதே நீர்தான் கடைமடை உழவரின் வயலிலிருந்தும், முத்துப்பேட்டை, பரங்கிப்பேட்டை வீடுகளின் கிணற்றிலிருந்தும் அதைப் பின்தள்ளுகிறது. உழவரும் மீனவரும் இதில் எதிரெதிர்க் கட்சியினர் அல்லர்.

காப்புக்கான சட்ட வேலிகள் இன்று ஓரளவு உள்ளன. முத்துப்பேட்டைக் காடு, 2002இல் அறிவிக்கப்பட்ட கோடியக்கரை ராம்சர் தலத்துக்குள் அடங்குகிறது. பிச்சாவரம் 2022இல் தனி ராம்சர் தலமாயிற்று. 2023இல் ஒன்றிய அரசு அலையாத்தி வளர்ப்புக்கென ‘மிஷ்டி’ என்னும் திட்டத்தைத் தொடங்கியது. 2021ஆம் ஆண்டின் தேசிய வன நிலை அறிக்கைப்படி இந்தியாவின் அலையாத்திக் காடு 4,992 சதுர கிலோமீட்டர்; அதில் தமிழகத்தின் பங்கு 45 மட்டுமே. கன்று நடும் விழாக்கள் நடக்கட்டும். ஆனால் கன்றின் எண்ணிக்கையைக் கொண்டு காட்டை அளப்பது, முன்னர் விறகின் எடையைக் கொண்டு அதை அளந்த பிழையின் மறுபக்கமே. நீரோட்டம் சீர்பட்ட இடத்தில் காடு பெரும்பாலும் தானே எழுகிறது; சீர்படாத இடத்தில் நட்ட கன்று பட்டுப்போகிறது.

சமயபுரத்துக்குத் திரும்புவோம். தைப்பூச நாளில் அவ்வூர் மாரியம்மன் கொள்ளிடக் கரைக்கு எழுந்தருள்வதும், தங்கைக்கு அண்ணன் அனுப்பும் சீராகத் திருவரங்கத்திலிருந்து சீர்வரிசை வருவதும் நெடுநாள் வழக்கம். வடதிருக்காவிரி என்றே அக்கரை மக்கள் கொள்ளிடத்தை அழைக்கின்றனர். ஒருவருக்கு உரியதை உரிய காலத்தில் கொண்டுசேர்ப்பதே சீர். ஆற்றின் மேட்டில் இருப்போர் அதன் கடைமடைக்கும் அவ்வாறு ஒன்று கடன்பட்டிருக்கின்றனர். அந்தக் கடனின் அளவு 14 டி.எம்.சி. என்று தீர்ப்பு எழுதியாயிற்று. அது ஒவ்வோராண்டும், உரிய மாதங்களில், கோரையாற்றின் வழியாகவும் கொள்ளிடத்தின் வழியாகவும் காட்டைச் சென்று சேர்கிறதா என்று கேட்கும் பொறுப்பு முத்துப்பேட்டையிலும் பரங்கிப்பேட்டையிலும் வாழும் நமக்கு உண்டு. முக்கொம்பு மதகுகளின் அருகே வாழும் திருச்சி மக்களுக்கும் உண்டு.